கடைசி லயத்திலிருந்து

எனக்கு அனர்த்த ஆயத்த வேலையைக் கற்றுத்தந்த மாமா முதலில் கையில் கொடுத்தது ஓர் அளவு நாடா. எட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்து ரோட்டின் ஒவ்வொரு முடக்கையும் அளக்கச் சொன்னார். தண்ணீர் பவுசர் இதில் திரும்புமா? சின்னப் பாலம் அதன் பாரத்தைத் தாங்குமா? திரும்பாவிட்டால் எங்கே நிறுத்துவது, அங்கிருந்து கடைசி லயத்துக்கு நடக்க எவ்வளவு நேரம்? எல்லாம் கொப்பியில் ஏறியது.

"டவுன்ல திட்டம் போடுறவங்க ஸ்டேஷன்ல இருந்து பாப்பாங்க மகள். நாம கடைசி லயத்துல இருந்து பாக்கணும்" என்பார்.

நகரத்தில் முதல் தீயணைப்பு வண்டி புறப்பட்ட நான்கு நிமிடத்தில் சேர வேண்டும் என்கிறது ஓர் அமெரிக்கத் தரநிலை. நம் நாட்டில் தீயணைப்புப் பிரிவுகள் பெரும்பாலும் மாநகர, நகர சபைகளின் கையில். நகரத்திலிருந்து வண்டி வளைந்து வளைந்து மலையேறி வருவதற்குள் லயத்தில் என்ன மிஞ்சும்? காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு, கூரை ஒன்றுதான். பல லயங்களில் அந்தச் சுவரும் தகரம்வரை எட்டுவதில்லை. ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு மரச்சட்டங்கள் வழியாக வரிசை முழுக்க ஓடிவிடும்.

ஆகவே வண்டி வரும்வரை உள்ள நேரம் நம்முடைய பொறுப்பு. 110க்கு யார் அழைப்பது, மெயின் சுவிட்சை யார் நிறுத்துவது, பிள்ளைக் காம்பராவுக்கு யார் ஓடுவது, பீலித் தண்ணீரை எங்கே தேக்குவது, நடக்க முடியாத பாட்டி எந்தக் காம்பராவில் இருக்கிறார் என்பதெல்லாம் கொப்பியின் பாதியை நிறைத்தது. பகலில் பெரியவர்கள் மலையில் இருப்பார்கள், அதனால் பகலுக்கு ஒரு பெயர்ப்பட்டியல், இரவுக்கு ஒரு பெயர்ப்பட்டியல் வேண்டும் என்று சொன்னவர் கொழுந்தெடுக்கும் ஓர் அக்கா. எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் எனக்கு அது கிடைக்கவில்லை.

எங்கள் சப்ரகமுவையில் நெருப்பைவிட மழைக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். 2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே ஊர்களை மூடியது; நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போனார்கள். அதே நாள் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தின்மேல் மண் இறங்கியது. அந்த நாளைப் பற்றி மாமா அதிகம் பேசமாட்டார். மழைமானியைத்தான் காட்டுவார்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு எங்களுக்கு மனப்பாடம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழித்திருக்க வேண்டும். 100 ஆனால் தயாராக வேண்டும். 150 ஆனால் வெளியேற வேண்டும். ஒரே மணி நேரத்தில் 75 விழுந்தாலும் வெளியேறத்தான் வேண்டும். அதனால் காலையில் மட்டும் வாசித்தால் போதாது, நடுராத்திரி மழையிலும் எழுந்து போய் வாசிக்க வேண்டும். மானி சொல்லாததை நிலம் சொல்லும்: மண்ணில் புது வெடிப்பு, திடீரென்று சாத்த முடியாமல் இறுகும் கதவு, சாய்ந்த மரம், புதிதாகக் கிளம்பும் ஊற்று, தெளிந்து ஓடிய பீலி கலங்குவது, ஓடிய பீலி நின்றுபோவது. கான் வெட்டும் தொழிலாளர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. அவர்கள் பின்னால் மலையேறித்தான் நான் இதைப் படித்தேன்.

வெளியேறச் சொல்வது இலேசு. போகுமிடம் எது? கோயிலும் பள்ளிக்கூடமும் அதே சரிவில் இருந்தால்? மாட்டை யார் அவிழ்ப்பது? "நீ சொன்ன இடத்துக்கு உன் அம்மா போவாங்களான்னு மொதல்ல கேளு" என்பார் மாமா. அந்தக் கேள்விக்குப் பிறகு எங்கள் வரைபடத்தில் பாதி அம்புக்குறிகள் மாறின.

1990 அம்புலன்ஸ் இலவசமாக வருகிறது. ஆனால் லயத்துக்கு ஒழுங்கான முகவரி இல்லாவிட்டால் சாரதி எதைத் தேடுவார்? ஒவ்வொரு லயத்துக்கும் ரோட்டிலிருந்து தெரியும்படி இலக்கம் எழுதினோம். என் கணக்கில் இதுவரை செய்த வேலைகளில் மிகவும் பயனுள்ளது இதுதான். செலவு சாயத்துக்கு மட்டுமே.

முடக்கை அகலப்படுத்தவும் தண்ணீர்த்தொட்டி கட்டவும் பணம் வேண்டும். தோட்டத்துக்குள் பிரதேச சபை செலவு செய்யத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. இனி அது தோட்ட நிர்வாகத்தின் வேலை மட்டும்தான் என்று யாரும் கைகழுவ முடியாது. உங்கள் தோட்டத்தின் முடக்குகளை அளந்து, லயங்களுக்கு இலக்கமிட்டு, சபை வரவுசெலவுத் திட்டம் போடுமுன் அந்தக் கொப்பியோடு போய்க் கேளுங்கள். தீயணைப்புக்கு 110, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, அம்புலன்ஸுக்கு 1990 என்ற மூன்றையும் இஸ்தோப்புச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.