கேபினுக்குக் கூப்பிடும் விதம்

"மேடம் உன்னை வரச் சொன்னாங்க." பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் வயிற்றைக் கலக்க இந்த ஒரு வாக்கியம் போதும். தையல் லைனிலிருந்து ஆபீஸ் அறைக்கு நடந்து வருவதற்குள் அவள் மனம் எங்கெல்லாமோ ஓடிவிடும். ஆல்ட்டர் பீஸ் அதிகமாகிவிட்டதா, பாத்ரூமில் போன் பேசியதை யாராவது போட்டுக்கொடுத்தார்களா, ஊரில் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா, குடித்துவிட்டு வீட்டுக்காரர் கேட்டில் வந்து நிற்கிறாரா? உள்ளே வரும்போது உதடு உலர்ந்திருக்கும். நாம் கேட்க நினைத்ததோ பி.எப். பாரத்தில் விட்டுப்போன ஒரு கையெழுத்து.

திருப்பூரில் நல அலுவலராக இருக்கிறேன். 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலைக்கு நல அலுவலர் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னதால் வந்த பதவி இது. மனக்காயத்தைப் புரிந்துகொண்டு நடக்கும் பணியிடம் என்பதைப் பற்றி இப்போது நிறையப் பயிற்சிகள் நடக்கின்றன. பெரும்பாலும் ஒரு நாள் பயிற்சி, சுவரில் ஒரு போஸ்டர், வாரத்தில் ஒரு நாள் வந்துபோகும் கவுன்சிலர் என்று அவை முடிந்துவிடுகின்றன. கவுன்சிலர் வரட்டும், நல்லதுதான். ஆனால் ஒரு தொழிலாளியைக் கேபினுக்கு எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதைச் சரிசெய்யாமல் வேறு எதைச் செய்தும் பலனில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கள் லைனில் இப்போது கூப்பிடுவது இப்படி: "அக்கா, பி.எப். பாரத்துல ஒரு கையெழுத்து விட்டுப்போச்சுங்க. டீ டைம்ல வந்து போட்டுட்டுப் போயிருங்க, அஞ்சு நிமிஷந்தான்." எதற்காக, எப்போது, எவ்வளவு நேரம் என்பது கூப்பிடும்போதே தெரிந்துவிட வேண்டும். வெளியே சொல்ல முடியாத விஷயமென்றால், "உங்க மேல தப்பு ஒண்ணுமில்லைங்க, தனியா ஒண்ணு பேசணும்" என்றாவது சொல்ல வேண்டும். அறைக்குள் கதவை ஒட்டிய நாற்காலி வருகிறவருக்கு. அவருக்கும் கதவுக்கும் நடுவில் நான் உட்காருவதில்லை. கதவைச் சாத்தலாமா, திறந்தே இருக்கட்டுமா என்று கேட்ட பிறகுதான் பேச்சு.

இதற்கெல்லாம் பின்னால் முப்பது வருடத்துக்கும் மேலான சிந்தனை இருக்கிறது. வன்முறைக்கு ஆளானவர்களோடு பணிபுரிந்த அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன், 1992-இல் எழுதிய புத்தகத்தில் மீட்சியின் முதல் படி பாதுகாப்புதான் என்றார். 2001-இல் மாக்சின் ஹாரிஸ், ரோஜர் ஃபாலட் என்ற இருவர் அதை நிறுவனங்களுக்கு விரித்து, பாதுகாப்பு, நம்பகம், தேர்வு, கூட்டுழைப்பு, அதிகாரம் பெறுதல் என்று ஐந்தாக வகுத்தார்கள். தையல் லைனுக்குள் நின்று பார்த்தால் இந்த ஐந்தும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன: அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது. அடிபட்டு வளர்ந்தவர்கள் கடினமான வேலைக்குப் பயப்படுவதில்லை. திடீரென்று வருவதற்குத்தான் பயப்படுகிறார்கள்.

மனம் யோசிக்கும் முன்பே உடம்பு அந்தப் பயத்தைக் காட்டிவிடுகிறது. ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை லைன் சூப்பர்வைசர் பின்னாலிருந்து தோளில் தட்டிக் கூப்பிட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவள் திரும்பவில்லை. தோள் இரண்டும் காதுவரை ஏறி அப்படியே நின்றன. கால் மட்டும் பெடலை அழுத்திக்கொண்டே இருந்தது. நிமிடத்துக்கு 5,000 தையலுக்கு மேல் ஓடும் மெஷின் அது; தைக்கும்போதே துணியின் ஓரத்தைக் கத்தி சீவிக்கொண்டு போகும். பக்கத் தையல் வளைந்து உள்ளே போய், டி-ஷர்ட்டின் முன்பாகத்தை நாலு விரல்கடை அறுத்துவிட்டது. சூப்பர்வைசர் சொல்ல வந்தது நூல் கலர் மாறுகிறது என்பதைத்தான்.

அதற்கு முன் அவள் வாழ்க்கையில் என்ன நடந்திருந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கேட்கக் கூடாது என்பதை நான் சூப்பர்வைசர்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் எந்த நோயாளிக்கு என்ன தொற்று என்று விசாரித்தா நர்ஸ் கையுறை போடுகிறார்? எல்லாருக்கும் போடுகிறார். அதேபோல, லைனில் யாரிடம் பேசுவதானாலும் முன்பக்கமாக வர வேண்டும். மேஜை ஓரத்தில் கை வைத்து, பெடலிலிருந்து கால் எடுக்கும்வரை காத்திருந்து, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். தொட வேண்டிய தேவையே இல்லை. யாருக்குக் காயம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலை நம்முடையதல்ல.

விபத்து நடந்தாலும் இதுதான். விரலில் ஊசி ஏறிவிட்டால், மறுநாள் மொத்த லைனையும் வட்டமாக உட்காரவைத்து 'மனசுல இருக்கறதைக் கொட்டுங்க' என்று சொல்லும் வழக்கம் நல்லெண்ணத்தோடு சில இடங்களில் இருக்கிறது. நடந்ததை அப்படி உடனே விவரிக்கவைப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. 2011-இல் வெளியான அதன் உளவியல் முதலுதவிக் கையேடு, பார், கேள், உதவியோடு இணைத்துவிடு என்கிறது. பேச விரும்புகிறவர் பேசுவார். விரும்பாதவருக்கு ஒரு டம்ளர் டீயும், இன்றைக்கு அந்த மெஷினில் உட்கார வேண்டாம் என்ற வார்த்தையும் போதும்.

நான் அதிகம் போராட வேண்டியிருந்தது ஒன்றரை ஷிப்ட் விஷயத்தில்தான். ஷிப்மென்ட் நெருங்கினால் சாயங்காலம் வேலை முடியப்போகும் நேரத்தில் வந்து, 'இன்னிக்கு ஒன்றரை' என்று சொல்லிவிட்டுப் போவது ஊர் வழக்கம். நிர்வாகத்துக்கு அது கூடுதலாக அரை ஷிப்ட் உற்பத்தி. லைனில் இருக்கும் ஒரு பெண்ணுக்கோ, பள்ளி விட்டு வந்த குழந்தை பூட்டிய வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும். இன்னொருத்திக்கு, 'இவ்வளவு நேரம் எங்கடி போனே' என்ற கேள்வியோடு அன்றைய அடி ஆரம்பமாகும். வீட்டில் நடக்கும் வன்முறைக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை என்று சொல்கிறவர்களை அந்த நேரத்தில் லைனில் வந்து முகங்களைப் பார்க்கச் சொல்லுவேன். இப்போது எங்களிடம் ஒன்றரை ஷிப்டென்றால் காலை டீ டைமுக்குள் போர்டில் எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் அன்றைக்கு இல்லை. வீட்டுக்குப் போன் செய்ய எல்லாருக்கும் நேரம் உண்டு. வர முடியாதவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பெயரை மட்டும் மதியத்துக்குள் கொடுத்தால் சூப்பர்வைசரும் ஆள் மாற்றித் திட்டமிட முடிகிறது. இதை எதிர்த்த புரொடக்‌ஷன் மேனேஜரே இப்போது இதற்குக் காவல்.

பாலியல் தொல்லைப் புகார்களில் முன்கூட்டிச் சொல்வதன் அவசியம் இன்னும் கூர்மையானது. 1997-இன் விசாகா தீர்ப்பிலிருந்து பிறந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள் புகார் குழு இருக்க வேண்டும் என்கிறது. அதன் 12-ஆம் பிரிவைப் பலர் படிப்பதே இல்லை. விசாரணை நடக்கும்போதே, பெண் எழுத்தில் கேட்டால், அவரையோ எதிர்த்தரப்பையோ வேறு இடத்துக்கு மாற்றலாம். அவருக்கு மூன்று மாதம்வரை விடுப்பும் தரலாம். புகாரோடு வருகிற பெண்ணிடம் நான் முதலில் பேசுவது இதைத்தான். அடுத்து நடக்கப்போவதை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன்: என்றைக்குக் குழு கூடும், அறையில் யார் யார் இருப்பார்கள், என்ன கேட்பார்கள், 90 நாளுக்குள் எப்படி முடியும். நடந்ததை அவர் ஒவ்வொரு மேஜையாகப் போய்த் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கக் கூடாது. 2022-இல் திண்டுக்கல் பகுதி ஆடைத் தொழிலாளர்களுக்காக, ஒரு பெண் தொழிலாளியின் கொலைக்குப் பிறகு, தொழிற்சங்கம் போராடிப் பெற்ற ஒப்பந்தம் என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய பாடம். லைனிலேயே வேலை செய்யும் பெண்களைத் தளக் கண்காணிப்பாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். கேபினுக்கு நடந்துவர முடியாதவள் பக்கத்து மெஷினிடம் சொல்லலாம்.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. ஒடிசா, பீகார், ஜார்கண்டிலிருந்து வந்த பிள்ளைகள் ஹாஸ்டலில் போனைப் பிடித்தபடி அழுதார்கள். ஊரிலிருந்து அம்மாக்கள் வரச்சொல்லிக் கதறினார்கள். 'எல்லாம் பொய், வேலையைப் பாருங்க' என்பது உண்மைதான். ஆனால் பயந்தவரிடம் அது எடுபடாது. தினமும் ஒரே நேரத்தில், அவர்கள் மொழி பேசும் ஒருவரை வைத்து, போலீஸ் என்ன சொல்லியிருக்கிறது, ஹெல்ப்லைன் எண் என்ன என்று சொன்னோம். ஊருக்குப் போக விரும்புகிறவர்களுக்குச் சம்பளம் நிற்காது, திரும்பி வந்தால் வேலை இருக்கும் என்றும் சொன்னோம். ஹோலியும் அந்த வாரம்தான். கொஞ்சம் பேர் போனார்கள், திரும்பியும் வந்தார்கள். போகலாம் என்ற வாசல் திறந்திருந்ததே பலரை இருக்கவைத்தது என்று நினைக்கிறேன்.

சூப்பர்வைசர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களில் பலர் நேற்றுவரை டெய்லர்கள். மணிக்கு மணி புரொடக்‌ஷன் வாட்ஸ்அப்பில் போக வேண்டும். குறைந்தால் குரூப்பில் எல்லார் முன்னாலும் ஏச்சு. பையர் மெர்ச்சண்டைசரைக் கேட்கிறார், மெர்ச்சண்டைசர் மேனேஜரை, மேனேஜர் சூப்பர்வைசரை. கடைசியில் அந்தச் சத்தம் கைமடிக்கும் பெண்ணின் தலையில் வந்து விழுகிறது. அவர்களிடம் 'மெதுவாகப் பேசுங்கள்' என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. குரூப்பில் யாரையும் பெயர் சொல்லித் திட்டக் கூடாது என்று மேலே ஒரு விதி வந்த பிறகுதான் கீழே குரல் தணிந்தது.

அதனால் ஆடிட்டுக்கு வருகிற பையர் தரப்பினரிடம் நான் வெளிப்படையாகவே கேட்கிறேன். சுவரில் ஒட்டிய போஸ்டரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஓவர்டைம் போர்டில் எத்தனை மணிக்கு எழுதப்படுகிறது என்றும் பாருங்கள். எழுதும் நேரம் தள்ளிப்போயிருந்தால், அந்த வாரம் உங்கள் ஆபீஸிலிருந்து டிசைன் மாற்றம் என்றைக்கு மெயிலில் வந்தது என்பதையும் அதே ரிப்போர்ட்டில் சேர்த்து எழுதுங்கள்.