ஆட்டத்தின் இலக்கணம்

நுழையும்முன்

ஓர் ஆட்டத்தில் வெல்வது எப்படி என்று பலரும் எண்ணுகிறோம். அந்த ஆட்டத்தை வகுத்தவர் எதை எண்ணி வகுத்தார் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. பள்ளி மாணவர்களுக்கான ரோபோ போட்டி ஒன்றின் வெவ்வேறு ஆண்டு விதிகளை ஒப்பிட்டு நோக்குகிறது இக்கட்டுரை.

நான் தமிழாசிரியர், பற்சக்கரமும் மின்பொறியும் என் துறையல்ல. எனினும், அமெரிக்காவில் தொடங்கிய 'ஃபர்ஸ்ட்' ரோபோ போட்டியின் விதிநூல்களை விரும்பிப் படித்து வருகிறேன். யாப்பிலக்கணம் கற்பித்துப் பழகிய கண்ணுக்கு அவை அயலாகத் தோன்றவில்லை. வெண்பாவுக்குத் தளை உண்டு. அத்தளைக்குள் நின்றே புலவர் தமக்குரிய சொல்லைத் தேடுகிறார். விதி மாறினால் பா மாறுகிறது. ஆட்டத்திலோ, விதி மாறினால் ஆடுவோரின் நடத்தையே மாறுகிறது.

போட்டியின் தோற்றம்

டீன் கேமன் என்னும் கண்டுபிடிப்பாளர் 1989ஆம் ஆண்டு ஃபர்ஸ்ட் அமைப்பை நிறுவினார். முதல் போட்டி 1992இல் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தின் பள்ளி ஒன்றில் 28 அணிகளுடன் நடைபெற்றது. மக்காச்சோள மணிகள் பரப்பிய தரையில் ஓடி, டென்னிஸ் பந்துகளைத் திரட்டுவதே அன்றைய ஆட்டம். அதன்பின் ஆண்டுதோறும் புதியதோர் ஆட்டம் அறிவிக்கப்படுகிறது. மாணவர்கள் சில வாரங்களுக்குள் அதற்கேற்ற ரோபோவை உருவாக்கவேண்டும். 2005 முதல் மூன்று அணிகள் ஒரு கூட்டணியாக, வேறு மூன்று அணிகளை எதிர்த்து ஆடுகின்றன. தகுதிச் சுற்றில் கூட்டணி ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். ஓர் ஆட்டத்தில் எதிர்நின்றவர் அடுத்த ஆட்டத்தில் தோள்கொடுப்பவராகலாம்.

மூன்று ஆண்டுகள், மூன்று விதிகள்

2012ஆம் ஆண்டின் ஆட்டம் கூடைப்பந்தை ஒத்தது. களத்தின் நடுவே இருபுறமும் சாயக்கூடிய மூன்று பாலங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று இரு கூட்டணிக்கும் பொது. தகுதிச் சுற்றில் வெற்றிக்குத் தரவரிசைப் புள்ளி 2. பொதுப்பாலத்தில் எதிரெதிர்க் கூட்டணிகளின் ரோபோக்கள் ஏறிச் சமநிலையில் நின்றாலோ, இரு கூட்டணிக்கும் 2 புள்ளிகள். எதிரியுடன் நிகராக நிற்பதும் எதிரியை வெல்வதும் ஒரே மதிப்புடையன என்றது அவ்விதி.

2014இல் ஒரு பெரிய பந்தை எடுத்துச் சென்று இலக்கில் சேர்க்கவேண்டும். உயர்ந்த இலக்குக்குப் புள்ளி 10. தாழ்ந்த இலக்குக்கு 1. களம் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு கூட்டணியின் மூன்று ரோபோக்களும் வெவ்வேறு பகுதிகளில் அப்பந்தைக் கைக்கொண்டிருந்தால், இலக்கை அடைந்ததும் 30 புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கும். கணக்கிட்டுப் பாருங்கள்: திறன்மிக்க ரோபோ தனியே உயர்ந்த இலக்கில் எறிந்தால் 10, எளிய ரோபோக்கள் மூன்று கைமாற்றித் தாழ்ந்த இலக்கில் தள்ளினால் 31! எறியும் கருவியே இல்லாத ரோபோவும் அவ்வாண்டு தேவைப்பட்டது.

2015இல் பெட்டிகளை அடுக்குவதே ஆட்டம். இரு கூட்டணிகளும் தத்தம் பக்கத்திலேயே இயங்கின, மோதலுக்கு இடமில்லை. தகுதிச் சுற்றின் தரவரிசை வெற்றி தோல்வியால் அமையாமல் சராசரிப் புள்ளியால் அமைந்தது. மஞ்சள் பெட்டிகள் நான்கை இருதரப்பும் சேர்ந்து ஓரடுக்காக்கினால் ஒவ்வொரு தரப்புக்கும் 40 புள்ளிகள். எதிரணியுடன் கைகோக்க வழியிருந்தது. ஆனால், தன் கூட்டணிக்குள் வலிய ரோபோ ஒன்று தனித்தே உயர அடுக்கிவிட முடியும். அப்போது வலுவற்ற துணைக்கு எஞ்சுவது, இடையூறின்றி ஒதுங்கி நிற்கும் வேலைதான்.

இங்கேதான் என் சிந்தனை நின்றது. போட்டியை நீக்கிவிட்டால் ஒற்றுமை தானே வளரும் என்று நாம் எண்ணுகிறோம். இவ்விதிகள் வேறொன்றைக் கற்பிக்கின்றன. பிறர் நமக்குத் தேவைப்படும் இடத்திலேயே ஒற்றுமை வளர்கிறது.

வகுப்பறையில் ஒரு விதி

குழு ஒப்படைப்பில் ஒருவர் எழுத, மற்ற மூவர் பெயரை மட்டும் சேர்ப்பதை ஆசிரியர் யாவரும் அறிவர். 'சேர்ந்து செய்யுங்கள்' என்னும் அறிவுரை அங்கே பயன் தருவதில்லை. 2014ஆம் ஆண்டு விதியைப் படித்தபின், என் வகுப்பில் மதிப்பெண் முறையை மாற்றினேன். நால்வரும் ஆளுக்கொரு பகுதியை வகுப்பின்முன் விளக்கினால் மட்டுமே முழு மதிப்பெண். அடுத்த வாரம், நன்கு படிக்கும் மாணவி ஒருத்தி, பேசத் தயங்கும் தன் தோழியை இடைவேளையில் அருகமர்த்திச் சிலப்பதிகாரக் காட்சியொன்றைச் சொல்லிப் பார்க்கச் செய்ததைக் கண்டேன். நான் அறிவுரை எதுவும் கூறியிருக்கவில்லை.

மாணவர்களே, விதிக்கு உட்பட்டு நடக்கும் பருவத்தில் இருக்கிறீர்கள். விரைவில் விதியை வகுக்கும் இடத்திலும் அமர்வீர்கள். விளையாட்டுக் குழுவாயினும் அலுவலகமாயினும் ஊர்மன்றமாயினும், புதிய விதியொன்றை எழுதும்போது ஒரு வினாவை எழுப்புங்கள்: வலிமையில் கடைசியாக நிற்பவருக்கு இவ்விதி என்ன வேலை தருகிறது? அவ்வினாவுக்கு விடை கிடைக்கும்வரை விதியைத் திருத்தி எழுதுங்கள்.