வியன்னாவின் கலப்புத் தோட்டம்

ஆஸ்திரியா தேசத்துத் தலைநகராகிய வியன்னாவில் 'டி' எழுத்திட்ட டிராம் வண்டியில் ஏறி, கடைசி நிலையமான நுஸ்டார்பில் இறங்கினோம். அங்கிருந்து மேடேறினால் நுஸ்பெர்க் குன்று. கீழே டான்யூப் நதி; சுற்றிலும் திராட்சைக் கொடிகள். இந்நகர எல்லைக்குள் மாத்திரம் ஏறத்தாழ 600 ஹெக்டேர் திராட்சைத் தோட்டம் உண்டு!

நாம் நுழைந்த தோட்டத்தில் ஒரு கொடியின் இலை போல் அடுத்த கொடியின் இலை இல்லை. வெல்ட்லீனர், ரீஸ்லிங், வைஸ்பர்குண்டர் என்று பல ஜாதிகளைக் கலந்தே நட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் பறித்து, ஒன்றாகவே பிழிந்து, வெள்ளை ஒயின் செய்கிறார்கள். 'கெமிஷ்டர் ஸாட்ஸ்' என்பது அதன் பெயர். ஜாதிக் கலப்பென்றால் பதறும் நம்மவர் சிலருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம்.

இது பழைய குடியானவனின் முன்யோசனை. முந்தித் துளிர்த்த கொடியைப் பனி கருக்கினால் பிந்தித் துளிர்ப்பது தப்பும். மழையில் ஒன்று அழுகினால் மற்றொன்று நிற்கும். நன்கு பழுத்தது இனிப்பைத் தரும். சற்றே காயாக இருப்பது புளிப்பைத் தரும். பிற்காலத்தில் ஜாதிவாரியாகப் பிரித்து நடுவதே நாகரிகமாயிற்று. கலப்பு ஒயின் மலிவுச் சரக்கென்று இகழப்பட்டது. சில குடும்பங்கள் விடாப்பிடியாக இருந்ததால் பிழைத்தது. 2013 முதல் அதற்குச் சட்ட அந்தஸ்தும் உண்டு: ஒரே தோட்டத்தில் மூன்று ஜாதிகளாவது வேண்டும், எதுவும் பாதிக்கு மிஞ்சலாகாது.

தோட்டக்காரர் தம் ஒயினைத் தாமே விற்கலாமென்று 1784-இல் இரண்டாம் ஜோஸப் சக்கரவர்த்தி உத்தரவிட்டார். அவ்வழக்கப்படி வாசலில் பைன் கிளை கட்டிய ஒரு கடையில் அமர்ந்தோம். மதுவிலக்கு அன்பர்கள் மன்னிக்க. மூன்று வாய்க்கு மேல் பருகவில்லை. வைக்கோல் நிறம். முதலில் பச்சை ஆப்பிளின் மணம். பிறகு எலுமிச்சைப் புளிப்பு. தொண்டையில் மிளகின் லேசான காரம். எது எந்தத் திராட்சையின் குணமென்று பிரிக்க முயன்றோம், முடியவில்லை.

"பிரிக்க வேண்டாம், ஐயா!" என்று சிரித்தாள் கடைக்கார மூதாட்டி. "என் மகனும் அதையே சொல்கிறான். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒரே ஜாதியை வைத்தால் வேலை பாதியாம்."

"தாங்கள் என்ன சொன்னீர்கள்?"

"சென்ற வருஷம் ஏழு கொடிகள் பட்டுப்போயின. அந்த ஏழு குழிகளிலும் நான்கு ஜாதிகளை நட்டிருக்கிறேன். நட்டவன் அவன்தான்."