மண்ணில் பழுத்த செவ்வாழை

கம்பம் பள்ளத்தாக்கில் பிரயாணம் செய்கிறவர்கள் சின்னமனூரை நெருங்கும்போது வாழைத் தோட்டங்களின் பசுமையைக் கண்டு மகிழாமல் இருக்க முடியாது. மேற்கே ஓடிக் கடலில் விழவேண்டிய பெரியாற்று ஜலத்தை, பென்னிகுயிக் துரை 1895-ல் முடித்த அணை கிழக்கே திருப்பிவிட்டதன் பலன் அது. பாண்டியன் இராஜசிம்மனின் செப்பேடுகள் கிடைத்த ஊர் என்று சரித்திர ஆராய்ச்சிக்காரர்கள் இவ்வூரைப் போற்றுவார்கள். நாம் சென்றதோ பூலாநந்தீசுவரரைத் தரிசித்துவிட்டு ஒரு சிநேகிதர் வீட்டு நவராத்திரிக் கொலுவைப் பார்ப்பதற்காக.

கொலுவில் செட்டியார் தம் மனைவியுடன் கடை விரித்திருந்தார். கத்தரிக்காயும் பூசணிக்காயும் மண்ணால் ஆனவை என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது. மேல் படியிலிருந்த செவ்வாழைச் சீப்பு மட்டும் தோட்டத்திலிருந்து அன்றுதான் வந்தது என்று எண்ணினோம். கையில் எடுத்த பிறகுதான் அதுவும் மண் என்று உணர்ந்தோம்!

அவ்வீட்டுப் பாட்டியம்மாள் மணமாகி வந்த வருஷம் முதல், சொந்தத் தோட்டத்துச் சீப்பு ஒன்று கொலுவில் இருப்பது வழக்கமாம். இவ்வருஷம் சித்திரையில் அடித்த சூறைக்காற்றில் குலை தள்ளிய மரங்கள் அத்தனையும் சாய்ந்துவிட்டன. செவ்வாழை மறுபடி நட்டுக் குலை முற்ற ஒரு வருஷத்துக்கு மேல் செல்லும். கடைப் பழத்தை வாங்கி வைக்கப் பாட்டிக்கு மனம் வரவில்லை. "மண்ணாவது நம்முடையதாக இருக்கட்டும்" என்று, தோட்டத்து மண்ணில் ஒரு கூடையை மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரிக்குக் கொடுத்தனுப்பிவிட்டார்.

ஜப்பானில் உணவு விடுதிகளின் வாசலில் வைக்கும் போலிப் பண்டங்கள் உலகப் பிரசித்தமானவை. குஜோ ஹச்சிமான் என்னும் மலையூரிற் பிறந்த இவாஸாகி டாகிஸோ என்பவர் மெழுகில் ஓர் ஆம்லெட் செய்து, 1932-ல் ஒஸாகா நகரில் அதையே ஒரு தொழிலாக ஆரம்பித்தார். பிற்காலத்தில் மெழுகு போய்ப் பிளாஸ்டிக் வந்தது. அந்தப் பண்டங்கள் பசியைத் தூண்டி விற்பனைக்கு உதவுகின்றன. நம் கொலுச் செட்டியாரோ எதையும் விற்பதில்லை.

திரும்பும் வழியில் விளாச்சேரிக்கும் சென்றோம். பரிதிமாற்கலைஞர் 1870-ல் பிறந்த ஊர் அது. தெருவெங்கும் பொம்மைகள் காய்ந்துகொண்டிருந்தன. கொலு வேலை ஓய்ந்து, கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஆடு மாடுகள் தயாராகிக்கொண்டிருந்தன.

அந்தச் சீப்பைச் செய்த முதியவரைத் தேடிக் கண்டோம். தோட்டத்து மண்ணில் மணல் அதிகம். அதைத் தனியாகச் சுட்டால் உறுதியாக நிற்காது. ஆகையால் கண்மாய்க் களிமண்ணுடன் சேர்த்துப் பிசைந்தாராம். இரண்டு பாதி அச்சுகளில் அழுத்தி எடுத்து, குழைத்த மண்ணால் ஒட்டி, உள்ளே அடைபட்ட காற்று வெளியேற ஒவ்வொரு பழத்துக்கும் ஊசித்துவாரம் இட்டிருக்கிறார். அப்படியும் சூளையில் இரண்டு பழங்கள் பிளந்துபோயின. பிறகு வெள்ளைப் பூச்சு, அதன்மேல் வர்ணம்.

கண்மாய் மண் எடுக்கத் தாசில்தாரே அநுமதி தரலாம் என்று 2024-ல் சர்க்கார் விதியைத் தளர்த்தியது. ஆனால் காகிதக் கூழும் பாரிஸ் சாந்தும் வந்தபின், சூளையை நம்பி மண்ணில் கை வைக்க இளைஞர்கள் தயங்குகிறார்கள் என்றார் பெரியவர். அவருடைய மகனே மதுரையில் வேறு வேலைக்குப் போகிறார். சாந்துப் பொம்மைகளின் வழவழப்பு நமக்கென்னவோ பிடிக்கவில்லை.

"காம்பிலே பச்சை சரியாக இருந்ததா ஐயா? பழத்தைப் பார்க்காமல் வர்ணம் பூசினால் பொம்மைதான் ஆகும், பழம் ஆகாது. அதனால்தான் மாதிரிக்கு ஒரு சீப்பு கேட்டு வாங்கினேன்" என்றார்.

சரியாகவே இருந்தது என்றும், பாட்டியம்மாள் அதைத் தினமும் தம் முந்தானையால் துடைத்து வைக்கிறார் என்றும் கூறினோம். அவர் முகம் மலர்ந்தது.

"அந்த மாதிரிச் சீப்பு என்னவாயிற்று?" என்று கேட்டோம்.

"வர்ணம் காய்கிற வரையில் பரணிலே ஒளித்து வைத்திருந்தேன். அப்புறம் பேரப்பிள்ளைகள் விட்டுவைப்பார்களா?" என்று சிரித்தார்.