விசிலடிக்கப் போன விரல்கள்

கிளின்ட் ஈஸ்ட்வுட் படத்தை முதன்முதலில் எந்த வயசில் பார்த்தீர்கள்? நான் பள்ளிக்கூட நாட்களில். வாயில் சுருட்டு, இடுங்கிய கண், டுமீல்! ஆள் விழுந்ததும் நாங்கள் விசில். விழுந்தவனுக்குப் பெண்டாட்டி, பிள்ளை உண்டா என்றெல்லாம் யார் கேட்டார்கள்?

அதே ஈஸ்ட்வுட் அதைக் கேட்ட படம் 'அன்ஃபர்கிவன்' (1992). வயசு ஏறட்டும் என்று பல வருஷம் ஸ்கிரிப்டைக் கையில் வைத்திருந்து, அவரே இயக்கி நடித்தார். படம் வெளிவந்தபோது அவருக்கு 62. சிறந்த படம் உட்பட 4 ஆஸ்கர்.

1880களின் தொடக்கம், வயோமிங். ஒரு விலைமாதின் முகத்தைக் கத்தியால் கிழிக்கிறான் ஒரு கௌபாய். ஷெரீஃப் விதிக்கும் தண்டனை சில குதிரைகள். அதுவும் அவளுக்கில்லை, மதுக்கடை முதலாளிக்கு நஷ்டஈடு! கொதித்துப்போன பெண்கள், அவனையும் கூட்டாளியையும் கொல்பவருக்கு 1000 டாலர் என்கிறார்கள். பன்றி வளர்த்துப் பிழைக்கும் பழைய கொலைகாரன் ஒருவன், தாயில்லாத இரண்டு பிள்ளைகளுக்காகக் கிளம்புகிறான். பெயர் மன்னி. என்ன பொருத்தம் பாருங்கள்!

நியாயம் பெண்கள் பக்கம்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால், முதலில் சுடப்படுபவன் கத்தி எடுத்தவனில்லை, கூட இருந்த பையன். வெட்டுப்பட்டவளுக்குக் கொடுக்க ஒரு நல்ல குதிரையைத் தனியாகக் கொண்டு வந்தவன். வயிற்றில் குண்டு. லேசில் உயிர் போகவில்லை. தண்ணீர் கேட்டுக் கதறுகிறான். கடைசியில், 'அவனுக்குத் தண்ணி குடுங்க, சுட மாட்டோம்' என்று மன்னியே கத்த வேண்டியிருக்கிறது.

மன்னியோடு வந்த இளைஞன், ஐந்து பேரைக் கொன்றதாக அளப்பவன். ஆனால் கிட்டப்பார்வை, தூரத்தில் எதுவும் தெரியாது. நிஜத்தில் அவன் கொல்வது ஒரே ஒருவனை. கக்கூஸில் உட்கார்ந்திருந்தவனை, மிகப் பக்கத்தில் நின்று. அப்போது எல்லாம் தெளிவாகத் தெரிந்துவிடுகிறது. அழுகிறான். துப்பாக்கியே வேண்டாமென்று கொடுத்துவிடுகிறான்.

இங்கேயே படம் முடிந்திருந்தால், திருந்திய மனசோடு எழுந்திருப்பேன். முடியவில்லையே! நண்பனை ஷெரீஃப் அடித்தே கொன்றது தெரிந்ததும், வருஷக்கணக்காகத் தொடாத விஸ்கியைக் குடித்துவிட்டு, மழை ராத்திரியில் மதுக்கடைக்குள் நுழைகிறான் மன்னி. முதல் குண்டு, கையில் ஆயுதமே இல்லாத முதலாளிக்கு.

என் விரல்கள் தாமாக வாய்க்குப் போயின, விசிலடிக்க.

சட்டென்று கூசிப்போய்க் கையை இறக்கினேன். இரண்டு மணி நேரம் அத்தனையும் பார்த்த பிறகும் இந்த மனசு மாறவில்லை.

நீங்களும் படத்தைப் பாருங்கள். அந்த இடத்தில் உங்கள் விரல் எங்கே இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம்.