ஊசி போட்டாச்சு சரி, தேதி எங்கே?

 

இது திருவிழா அறிவிப்பு இல்லை, உபயப் பட்டியலும் இல்லை. கொஞ்சம் நீளமான பதிவுதான். சின்னப் பிள்ளைகளோட சிங்கப்பூருக்குக் குடிவரப் போறவங்களும், ஊர்ல அப்படிக் கிளம்பிக்கிட்டு இருக்கிற சொந்தபந்தம் உள்ளவங்களும் முழுசாப் படிச்சிடுங்க. மத்தவங்க தேவைப்படுறவங்களுக்கு அனுப்பி வைங்க.

கோயிலுக்குப் புதுசா வர்ற குடும்பம் எதுன்னு தொண்டூழியர்களான எங்களுக்குச் சீக்கிரம் தெரிஞ்சிடும். அன்னதானத்துல பரிமாறும்போது பேச்சுக் கொடுப்போம். எந்த ஊரு, எந்த புளோக்ல வீடு, பிள்ளைக்கு எத்தனை வயசுன்னு கேட்போம். அவங்களும் வாடகை வீடு, பள்ளிக்கூடம், நல்ல பொன்னி அரிசி எந்தக் கடையில கிடைக்கும்னு எல்லாம் கேட்பாங்க. தடுப்பூசியைப் பத்தி மட்டும் முன்கூட்டியே கேட்கிறவங்க ரொம்பக் குறைவு. அந்தக் கேள்வி எங்ககிட்ட வந்து சேரும்போது பெரும்பாலும் டிக்கெட் போட்டிருப்பாங்க, சில சமயம் ஊர்ல வீட்டையே காலி பண்ணியிருப்பாங்க.

முதல்ல விதி என்னன்னு சொல்லிடுறோம். 2019 பிப்ரவரி 1 முதல், வெளிநாட்டில் பிறந்த, சிங்கப்பூர்க் குடியுரிமை இல்லாத, 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு டிபென்டன்ட் பாஸ், நீண்டகால வருகை பாஸ், மாணவர் பாஸ் மாதிரி நீண்டகால அனுமதி கேட்டால், தட்டம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் வயசுக்கேற்ற ஊசி போட்டதற்கு ஆதாரம் காட்டணும். இந்த ரெண்டு ஊசியும் இங்க பிறந்த பிள்ளைகளுக்கும் சட்டப்படி கட்டாயம்தான். நம்ம பிள்ளைகளை மட்டும் தனியாப் பிரிச்சு வச்ச விதி இல்லை.

"அதெல்லாம் போட்டாச்சு"ன்னு எல்லாரும் சொல்வாங்க. உண்மையாவே போட்டிருப்பாங்க. சிக்கல் அங்க இல்லை, தேதியில இருக்கு.

அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருத்தர் இங்க வேலைக்கு வந்து ஆறு மாசம் தனியா இருந்தார். வெள்ளிக்கிழமை தவறாம கோயிலுக்கு வருவார், பந்தியில தண்ணி ஊத்துவார். மனைவியையும் ரெண்டு பிள்ளைகளையும் கூட்டி வரப்போறதாச் சொல்லி, போன்ல தடுப்பூசி அட்டைப் படத்தைக் காட்டினார். "எல்லாம் முடிஞ்சிருச்சுண்ணே, பாருங்க, வரிசையா டிக் இருக்கு." எங்க குழுவுல ஓர் அக்கா ரொம்ப வருஷம் தாதியா வேலை பார்த்து ஓய்வு பெற்றவங்க. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படத்தைப் பெருசு பண்ணிப் பார்த்தாங்க. "டிக் இருக்கு தம்பி, தேதி எங்கே?" அப்படின்னு கேட்டாங்க.

தம்பிக்குப் பதில் தெரியலை. மனைவிக்குப் போன் போட்டார். அவங்க மாமியாருக்குப் போன் போட்டாங்க. தமிழ்நாட்டுல புதன்கிழமை புதன்கிழமை ஊசி போடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும். அந்தப் புதன்கிழமை பாட்டியே நேரா சுகாதார நிலையத்துக்குப் போயிட்டாங்க. கிராம சுகாதார செவிலியரோட பதிவேட்டுல பேரனுக்கும் பேத்திக்கும் ஒவ்வொரு ஊசியும் போட்ட தேதி ஒண்ணுவிடாம இருந்தது. அதைப் பார்த்து அட்டையில எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி அனுப்பி வச்சாங்க. அந்தப் பாட்டியை நாங்க நேர்ல பார்த்ததில்லை. பார்த்தா ஒரு மாலை போடணும்.

நாலு வயசுப் பேத்திக்கு எல்லாம் சரியா இருந்தது. ஒன்றரை வயசுப் பேரனுக்குத்தான் கேள்வி வந்தது. தட்டம்மை ஊசி ஒண்ணே ஒண்ணு, அதுவும் ஒன்பது மாசம் முடிஞ்ச கையோட போட்டது. இந்திய அட்டவணைப்படி அவன் எதையும் தவறவிடலை. அங்க முதல் எம்ஆர் ஊசி 9லிருந்து 12 மாசத்துக்குள்ள, ரெண்டாவது 16லிருந்து 24 மாசத்துக்குள்ள. சிங்கப்பூர்ல முதல் எம்எம்ஆர் 12 மாசத்துல, ரெண்டாவது 15 மாசத்துல. ஒரு வயசு முடியறதுக்கு முன்னாடி போட்ட தட்டம்மை ஊசியை இந்த மாதிரி நாடுகளோட கணக்குல சேர்க்க மாட்டாங்க. அதனால ஊர்க் கணக்குல ஒண்ணு போட்ட பிள்ளை, இங்க ஒண்ணுமே போடாத பிள்ளையா நின்னான்.

அந்தத் தாய் போன்ல அழுதாங்க. "ஒரு புதன்கிழமைகூட விடலையேக்கா. காய்ச்சல் வந்தாக்கூட ராத்திரி முழுக்க முழிச்சிருந்து பார்த்துக்கிட்டேன். நான் என்ன தப்புப் பண்ணேன்?"

அக்கா சொன்னதை இங்க அப்படியே எழுதறோம், பல தாய்மாருக்கு இது வேணும். "நீ ஒரு தப்பும் பண்ணலைம்மா. உங்க ஊருக்கு எது சரியோ அதைத்தான் பண்ணியிருக்க. நோய் நடமாட்டம் அதிகமா இருக்கிற இடத்துல குழந்தை ஒரு வயசு வரைக்கும் காத்திருக்க முடியாது. அதனால ஒன்பது மாசத்துலயே ஒரு கவசம் போட்டு வைக்கிறாங்க. ஆனா அந்த வயசுல தாய்கிட்ட இருந்து வந்த எதிர்ப்பு சக்தி கொஞ்சம் உடம்புல மிச்சம் இருக்கும், அது ஊசி மருந்தை முழுசா வேலை செய்ய விடாது. ஒன்பது மாசத்துல போட்டா நூத்துக்கு ஏறக்குறைய 85 பிள்ளைக்குப் பிடிக்கும். ஒரு வயசுக்கு மேல போட்டா ஏறக்குறைய 95 பிள்ளைக்குப் பிடிக்கும். இப்ப இன்னொண்ணு போட்டுக்கோ. கூடுதலா ஒண்ணு போடுறதால பிள்ளைக்குக் கெடுதல் இல்லை."

இது தமிழ்நாட்டுல இருந்து வர்றவங்களுக்கு மட்டும் இல்லை. ஜொகூர்லயும் ஈப்போவுலயும் இருந்து வர்ற நம்ம குடும்பங்களும் பார்க்கணும். மலேசியாவுல எம்எம்ஆர் 9 மாசத்துலயும் 12 மாசத்துலயும் போடுறாங்க. பாலம் தாண்டினா வந்திடலாம், ஆனா அட்டவணை வேற.

அந்தத் தம்பி டிக்கெட் போடாம இருந்தார், அதனால நல்லபடியா முடிஞ்சது. பையனுக்கு எப்படியும் போட வேண்டிய அடுத்த ஊசியை ஊர்லயே போட்டாங்க, நாலு வாரம் கழிச்சு இன்னொண்ணு. இந்த நாலு வாரத்தை எல்லாரும் மனசுல வைங்க. தட்டம்மை ஊசி ரெண்டுக்கும் நடுவுல குறைஞ்சது நாலு வாரம் இடைவெளி இருக்கணும், அவசரம்னு சொல்லி அதைக் குறைக்க முடியாது. வேற ஒரு குடும்பம் டிக்கெட்டை முதல்ல போட்டுட்டு அட்டையை அப்புறம் பார்த்தாங்க. அட்டையில குறை இருந்தது. டிக்கெட் காசு போச்சு. அந்தத் தீபாவளிக்கு அப்பா இங்க, பிள்ளைகள் அங்க. அன்னிக்குக் கோயில்ல அவர் வீடியோ கால்ல பிள்ளைகளுக்குத் தீபாராதனை காட்டினதை நாங்க பார்த்தோம்.

தொண்டை அடைப்பானுக்கு வருவோம். இந்திய அரசு ஊசியில 6, 10, 14 வாரத்துல பெண்டாவேலண்ட்னு ஒண்ணு போடுவாங்க. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, மஞ்சள் காமாலை பி, ஹிப் கிருமி, ஆக அஞ்சுக்கும் சேர்த்து ஒரே ஊசி. அட்டையில "தொண்டை அடைப்பான்"னு பேர் இல்லையேன்னு பயப்பட வேண்டாம், அதுக்குள்ளயே இருக்கு. மறந்துபோறது எதுன்னா ஒன்றரை வயசுல போட வேண்டிய பூஸ்டர். குழந்தை நடக்க ஆரம்பிச்சதும் நமக்கு வேலை ஜாஸ்தியாயிடும், அட்டை பீரோவுக்குள்ள போயிடும். அந்த ஒரு கட்டம் காலியாக் கிடக்கும். விட்டுப்போச்சுன்னா முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்துல இருந்து தொடரலாம்.

தனியார் கிளினிக்கில் போட்டவங்க இன்னொண்ணு பார்க்கணும். சில அட்டையில மருந்துக் கம்பெனி வச்ச பேர் மட்டும் ஸ்டிக்கரா ஒட்டியிருக்கும். எந்த நோய்க்கான ஊசி, எந்தத் தேதின்னு டாக்டர்கிட்ட ஆங்கிலத்துல தெளிவா எழுதி, முத்திரையோட வாங்கிக்குங்க. அட்டையில பிள்ளையோட பேரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்ல உள்ள மாதிரியே இருக்கான்னு பாருங்க. நம்மள்ல நிறையப் பேருக்கு அட்டை எழுதும்போது குழந்தைக்குப் பேரே வச்சிருக்க மாட்டோம். "பேபி ஆஃப்"னு போட்டு அம்மா பேர்தான் இருக்கும்.

ஒரு பெரியவர் பேரனோட இடது கையைத் தூக்கிக் காட்டி, "தழும்பு இருக்கே, இது போதாதா?"ன்னு கேட்டார். அந்தத் தழும்பு பிசிஜி ஊசியோடது, காசநோய்க்கு. தட்டம்மைக்கு அது சாட்சி சொல்லாது.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றோம். "காசு குடுங்க, அட்டை ரெடி பண்ணித் தர்றோம்"னு சொல்ற ஆட்கள் இருக்காங்க. அவங்க பக்கம் போகாதீங்க. பொய் ஆவணம் கொடுக்கிறது குற்றம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். போடாத ஊசிக்குத் தேதி எழுதினா, அதிகாரியை வேணா ஏமாத்தலாம், கிருமியை ஏமாத்த முடியுமா? 2016ல மலேசியாவுல தொண்டை அடைப்பானால பிள்ளைகளைப் பறிகொடுத்தாங்க. 2017ல சிங்கப்பூர்லயே ஓர் இளம் வெளிநாட்டுத் தொழிலாளி அந்த நோயில இறந்தார்.

கோயில் ஆட்கள் இதைப் பத்தி ஏன் இவ்வளவு பேசறீங்கன்னு சிலர் கேட்கலாம். கோயில்ல நிக்கிறதாலதான் பேசறோம். தட்டம்மை காத்துல பரவும். எதிர்ப்பு சக்தி இல்லாத பத்துப் பேர் நோயாளிக்குப் பக்கத்துல இருந்தா ஒன்பது பேருக்கு ஒட்டிக்கும். இருமினவர் எழுந்து போன பிறகும் ரெண்டு மணி நேரம் வரைக்கும் அந்த இடத்துக் காத்துல கிருமி இருக்கும். ஆடி வெள்ளிக் கூட்டத்தை நினைச்சுப் பாருங்க. முடி இறக்க, காது குத்த, முதல் சோறு ஊட்டன்னு ஒரு வயசு ஆகாத குழந்தைகளைத் தோள்ல போட்டுக்கிட்டு எத்தனை பேர் வர்றாங்க. இங்க முதல் தட்டம்மை ஊசியே ஒரு வயசுலதான். அந்தக் குழந்தைகளுக்கு இன்னும் ஊசிப் பாதுகாப்பு இல்லை. பக்கத்துல நிக்கிற பெரிய பிள்ளைகளுக்குப் போட்ட ஊசிதான் அவங்களுக்கும் காவல்.

"அம்மை வந்தா ஆத்தா வந்திருக்கான்னு வேப்பிலை கட்டிக் கும்பிடுவோம். அதுக்குப் போய் ஊசியா?"ன்னு ஒரு பாட்டியம்மா எங்ககிட்ட கேட்டாங்க. நாங்க வாதாடலை. பக்கத்துல உட்கார்ந்து அவங்க சின்ன வயசுக் கதையைக் கேட்டோம். பேசிக்கிட்டே வந்தவங்க, "எங்க அக்கா ஒருத்திய அம்மையிலதான் குடுத்தோம். ஆறு வயசு. எனக்கு அவ முகம்கூட ஞாபகம் இல்லை"ன்னாங்க. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "அப்ப ஊசி இருந்திருந்தா எங்கம்மா போட்டிருப்பா"ன்னு அவங்களாவே சொன்னாங்க.

சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827ல எழுந்தது. அந்தக் காலத்துல நம்ம முன்னோருக்கு நோய் வந்தா அம்மன் சன்னதிதான் கதி. அன்னிக்கு அவங்க ரொம்பப் பயந்த பெரியம்மை இன்னிக்கு உலகத்துலயே இல்லை. 1980ல அது ஒழிஞ்சதா உலகச் சுகாதார நிறுவனம் அறிவிச்சது. ஊசியாலதான் ஒழிஞ்சது. அதனால யாரும் அம்மனைக் கும்பிடுறதை விட்டுடலை. பிள்ளையைக் காப்பாத்துன்னு வேண்டிக்கிறோம், காப்பாத்த ஒரு வழியும் காட்டியிருக்கா. அதை எடுத்துக்கிறது பக்திக்குக் குறைச்சல் இல்லைன்னு நாங்க நம்புறோம்.

இங்கிருந்து வேற நாட்டுக்குக் குடிபோறவங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையோட தடுப்பூசி விவரத்தை ஹெல்த்ஹப்ல இருந்து எடுத்து அச்சடிச்சு வச்சுக்குங்க. போற நாட்டு அட்டவணையோட ஒப்பிட்டுப் பாருங்க. இங்க போடாத சில ஊசி அங்க வேண்டியிருக்கும். சரவாக்குக்குப் போனா ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி அங்க குழந்தைகள் அட்டவணையிலேயே இருக்கு.

செலவைப் பத்தியும் கேட்பீங்க. குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்கு பாலிகிளினிக்ல தேசிய அட்டவணை ஊசிக்குக் கட்டணம் இல்லை. பாஸ்ல வர்ற பிள்ளைகளுக்குக் கைக்காசுதான். ஊர்ல ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம். அதனாலயும் கிளம்பறதுக்கு முன்னாடியே முடிச்சிடுறது நல்லது.

ஆகவே, புறப்பட மூணு மாசம் இருக்கும்போதே அட்டையை வெளிய எடுங்க. ஒவ்வொரு ஊசிக்கும் நேரா தேதி இருக்கான்னு பாருங்க. அந்தத் தேதியில பிள்ளைக்கு என்ன வயசுன்னு விரல் விட்டு எண்ணுங்க. தட்டம்மை ஊசி ஒரு வயசுக்கு முன்னாடி போட்டதான்னு தனியாப் பாருங்க. ஆங்கிலத்துல இல்லாததை மொழிபெயர்த்து வைங்க. உடம்பு காரணமா ஊசி போட முடியாத பிள்ளைன்னா டாக்டர் கடிதம் வாங்குங்க. அரசாங்க இணையத்தளத்துல அன்றைய விதியை ஒரு தடவை சரிபாருங்க. அப்புறம் டிக்கெட் போடுங்க.

நாங்க டாக்டர் இல்லை, எந்த ஊசி எப்பன்னு முடிவு சொல்ல வேண்டியது உங்க டாக்டர்தான். ஆனா அட்டையைப் படிக்கத் தெரியலை, யாருகிட்ட கேட்கிறதுன்னு புரியலைன்னா, வெள்ளிக்கிழமை சாயந்திரம் அன்னதானக் கூடத்துக்கு வாங்க. அக்கா இருப்பாங்க. அட்டையைக் கொண்டு வாங்க, பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. சாப்பிட்டுட்டுப் போகலாம்.

அன்புடன்,
கோயில் தொண்டூழியர்கள்