பொழுது சாய்ந்தபின் திருச்சி

பொழுது சாய்ந்தால்தான் நாகபுரியிலிருக்கும் எங்களுக்குத் திருச்சி வானொலி அகப்படும். பகலில் வானத்தின் கீழடுக்கு ஒன்று கதிரவனால் மின்னூட்டம் பெற்று மத்திய அலைகளை விழுங்கிவிடுகிறது. இரவில் அவ்வடுக்கு கரைந்துபோக, அதற்கு மேலுள்ள அடுக்குகள் அலைகளைப் பூமிக்குத் திருப்பி விடுகின்றன. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊரும் அப்போது வீட்டுக்குள் வந்துவிடும். ஆயினும் வேண்டியது மட்டுமா வருகிறது? 2016-ஆம் ஆண்டில் எங்கள் பெட்டியில் 936 கிலோ ஹெர்ட்ஸில் திருச்சி, அதன் இப்புறம் 927-இல் விசாகப்பட்டினம், அப்புறம் 945-இல் சம்பல்பூர். மூன்று வீட்டாரும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசியது போலிருந்தது.

அப்பெட்டி எங்கள் பாட்டனார் வாங்கிய வால்வு ரேடியோ. அவ்வாண்டில்தான் அப்பாயி இலால்குடியை விட்டு எங்களோடு அஜ்னி ரயில்வே குடியிருப்புக்கு வந்து சேர்ந்தார். எண்பது வயது, கண் பார்வை மங்கிவிட்டது, தெருவில் பேசும் மராத்தியோ இந்தியோ புரியாது. பகலில் பிள்ளைகளின் சத்தம் துணையிருந்தது. இரவுதான் நீண்டது. "ஊர்ப் பேச்சு காதில் விழுந்தால் கொஞ்சம் கண்ணயர்வேன் அப்பா" என்றார். கைப்பேசியில் கேட்கலாமே என்று அன்பர்கள் வினவலாம். வைத்துக் கொடுத்தோம். தடவிப் பார்த்தால் திருகும் குமிழ் எதுவுமில்லாத அப்பொருள் அவருக்குப் பிடிபடவில்லை.

முதலில் வீட்டு இரைச்சலைத் தேடினோம். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்ததில், கூடத்திலிருந்த மலிவான எல்.இ.டி. பல்பும் கைப்பேசி சார்ஜரும் குற்றவாளிகள் என்று தெரிந்தது. பல்பை மாற்றினோம், சார்ஜரை இரவில் பிடுங்கி வைத்தோம். கரகரப்பில் பாதி அடங்கியது. அண்டை வீட்டு இன்வெர்ட்டரை நாங்கள் என்ன செய்ய முடியும்!

மீதிக்கு மருந்தாக வந்தது ஒரு மரச்சட்டம். பழைய பெட்டிக்குக் கூரைமேல் நீளக் கம்பி கட்டுவது வழக்கம். அது எத்திசை ஒலியையும், அக்கம்பக்கத்து இரைச்சலையும் வேறுபாடின்றி வாரிக்கொள்ளும். அதை நீக்கினோம். இரண்டடிச் சதுரமாகச் சட்டம் செய்து, அதன் விளிம்பில் காப்பிட்ட கம்பியைப் பத்துச் சுற்றுச் சுற்றி, இரு முனைகளையும் பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய சுழல் கண்டென்ஸரில் சேர்த்தோம். தனியாக இன்னொரு சுற்றுக் கம்பி போட்டு, அதன் முனைகளை ரேடியோவின் ஏரியல், எர்த் துளைகளில் செருகினோம். கண்டென்ஸரைத் திருப்பினால் சட்டமே 936-க்கு இசைந்துகொள்ளும். அதனினும் பெரிய நன்மை திசை. சட்டத்தின் விளிம்பு காட்டும் திசை நன்கு கேட்கும். அதன் அகன்ற முகம் பார்க்கும் திசை மங்கிவிடும். நாகபுரிக்குத் திருச்சி ஏறக்குறைய நேர்தெற்கு, சம்பல்பூரோ கிழக்கு. விளிம்பைத் தெற்கு நோக்கி நிறுத்தியதும் சம்பல்பூர் பெரும்பாலும் ஒதுங்கிக்கொண்டது. நிலவமைப்பு எங்களுக்கு இவ்வளவு உதவியாக இருக்குமென்று யார் நினைத்தார்! தென்கிழக்கிலுள்ள விசாகப்பட்டினம் சற்றே தணிந்தது, அவ்வளவுதான். வானிலிருந்து இறங்கும் அலை திசைக் கட்டுப்பாட்டுக்கு முற்றிலும் அடங்குவதில்லை.

இதைச் செய்ய விரும்பும் அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எங்கள் பெட்டியில் மின்மாற்றி உண்டு. மின்மாற்றி இல்லாத ஏ.சி.-டி.சி. ரகப் பெட்டிகளில் உள்ளே இருக்கும் உலோகத் தட்டிலேயே வீட்டு மின்சாரம் நிற்கக்கூடும். அவ்வகையை விவரமறிந்த மெக்கானிக்கிடம் காட்டாமல் தொடுவது உயிருக்கு ஆபத்து.

சட்டம் அலமாரியோரத்தில் நின்றது. துணி காயப்போட வாகாக இருக்கிறதென்று இல்லத்தாள் இருமுறை முயன்றதைத் தடுத்தோம். கார்த்திகை, மார்கழி இரவுகளில் செய்தியும் கச்சேரியும் தெளிவாகவே வந்தன. கோடையில் தொலைவில் இடி இடித்தால் மட்டும் சட்டம் பயன்படவில்லை, படபடவென்று பொரிந்தது. அந்நாட்களில் அப்பாயி பெட்டியை நிறுத்தச் சொல்லவில்லை. ஒலியைச் சற்றுக் குறைத்து வைக்கச் சொன்னார்.